குமரி மாவட்டத்தில் வீட்டுத் தேனீ வளர்ப்பு: ஆனிச் சாரல் முதல் மாசித் தேன் வரை

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குறிப்பாக விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் வட்டங்களில், பத்து இருபது சென்ட் நிலத்தில் வீடும், அதைச் சுற்றித் தென்னை, கமுகு, வாழை, பலா என்று கலந்த விளை என்னும் தோப்பும், வேலிக்கு அப்பால் ரப்பர் தோட்டமும் அமைந்திருப்பது பொதுவான காட்சி. இத்தகைய சிறு நிலத்தில் ஆடு வளர்க்கத் தழை தேட வேண்டும், கோழி வளர்க்கக் கூண்டும் வேலியும் வேண்டும். தேனீக்குத் தேவைப்படுவது இரண்டு பெட்டிகள் வைக்கும் இடம் மட்டுமே. அதன் மேய்ச்சல் நிலம் சுற்றுவட்டாரத்து மரங்கள் அனைத்தும் ஆகும். ஆயினும், ஆர்வத்தோடு பெட்டி வாங்கியவர்களில் பலர் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் காலிப் பெட்டியைத் தொழுவத்தின் மூலையில் போட்டுவிடுகிறார்கள். விசாரித்துப் பார்த்தால், அவர்களுடைய தேனீக்கள் பெரும்பாலும் ஆனிக்கும் ஆவணிக்கும் இடைப்பட்ட மழைநாள்களில் பசியால் அழிந்திருக்கும் அல்லது பறந்துபோயிருக்கும். தேன் எடுக்கும் முறையை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். தேன் இல்லாத மாதங்களில் கூட்டத்தைக் காப்பாற்றி, தை மாதத்துக்குள் அதைப் பெட்டி நிறையப் பெருக்குவதுதான் இத்தொழிலின் உண்மையான வேலை. ஆகவே இந்தக் கட்டுரை மழைக்காலப் பராமரிப்புக்கே அதிக இடம் கொடுக்கிறது.

இந்த மாவட்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு நேற்று வந்ததன்று. திருச்சியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி நியூட்டன், நம் நாட்டு அடுக்குத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை 1910ஆம் ஆண்டையொட்டி வடிவமைத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே அழைக்கப்படுகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் முன்னின்று தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரகப் பணி மையம் இந்தத் தொழிலைச் சிறு விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தது. 1991-92ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தபோது இங்கும் பெட்டிகள் காலியாயின. அந்த அழிவில் தப்பிய கூட்டங்களின் வழித்தோன்றல்களிலிருந்தே தொழில் மீண்டும் எழுந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது பயன்படும்.

பெட்டியும் இடமும்

புதிதாகத் தொடங்குபவர் இரண்டு பெட்டிகளோடு தொடங்குங்கள். ஒரு பெட்டி போதாது. ஏனெனில் ஒரு கூட்டம் ராணியை இழந்தாலோ மெலிந்தாலோ, மற்றொன்றிலிருந்து முட்டையும் புழுவும் உள்ள ஓர் அடையை, அதாவது மெழுகுக் கூட்டை, எடுத்துக் கொடுத்துத்தான் அதைக் காப்பாற்ற முடியும். அருகருகே இரண்டு கூட்டங்கள் இருந்தால், ஒன்றில் மகரந்த வரத்து குறைவதையும் இன்னொன்றில் குறையாததையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறை பருவத்தில் இருக்கிறதா கூட்டத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். முதல் ஆண்டிலேயே பத்துப் பெட்டி வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நியூட்டன் பெட்டியின் கீழ்ப்பகுதியான புழு அறையில் தேனீ அடை கட்டுவதற்கான ஏழு மரச் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டமும் ஏறத்தாழ 20.5 செ.மீ. நீளமும் 14.5 செ.மீ. உயரமும் உடையது. அதன்மேல் அமரும் தேன் அறையின் சட்டங்கள் உயரத்தில் இதில் பாதிக்கும் குறைவாக இருக்கும். பெட்டியை உள்ளூர்த் தச்சரிடம் செய்யச் சொல்வதானால், அளவு தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே தேனீ நடமாடும் இடைவெளி 8 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும்; அது கூடினால் அந்த இடத்தில் குறுக்கே அடை கட்டிவிடும், குறைந்தால் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிவிடும். இரண்டில் எது நடந்தாலும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அடை கிழிந்து தேனீக்கள் நசுங்கும். அயனி போன்ற நன்கு உலர்ந்த, வாசனை வீசாத மரம் பொருத்தமானது. உள்பக்கம் வண்ணமோ வார்னிஷோ பூசக் கூடாது.

பெட்டியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு தாங்கியில் வையுங்கள். ஒற்றைக் கால் தாங்கியாக இருந்தால் எறும்புக்கு ஏறும் வழி ஒன்றுதான். அந்தக் காலைச் சுற்றி ஒரு தண்ணீர்க் கிண்ணம் அமைத்தால் போதும். நான்கு கால் தாங்கியாக இருந்தால் நான்கு சிரட்டைகளில் தண்ணீர் ஊற்றி அவற்றுள் கால்களை நிறுத்த வேண்டும். மழை பெய்வதால் சிரட்டை தானாக நிறையும் என்று விட்டுவிடாதீர்கள். காற்றில் வந்து விழும் ஒரு சருகு, தண்ணீரின் குறுக்கே எறும்புக்குப் பாலமாகிவிடும். தாங்கியைச் சுற்றிப் புல்லை வெட்டி வைப்பதும், இரண்டு நாளுக்கு ஒருமுறை சிரட்டைகளைப் பார்ப்பதும் இந்த வேலையின் அன்றாடக் கடமைகள்.

காலை வெயில் படும்படியும் நண்பகலுக்குப் பின் நிழல் விழும்படியும் இடம் தேர்ந்தெடுங்கள். ஆனி, ஆடிச் சாரல் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிப்பதால், வாசல் கிழக்கு அல்லது தென்கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும். பெட்டியை மிகச் சிறிது முன்பக்கம் சாய்த்து வைத்தால் உள்ளே கசிந்த நீர் வாசல் வழியாகவே வடிந்துவிடும். கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டும் இடமும், தென்னையிலிருந்து மட்டையும் தேங்காயும் விழும் இடமும் ஆகாதவை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் தோவாளைப் பக்கத்தில் வசிப்பவர்கள், மதிலின் மறைவிலோ அடர்ந்த வேலியின் மறைவிலோதான் பெட்டி வைக்க வேண்டும். பலத்த காற்றில் தேனீ சுமையோடு வாசலில் இறங்க முடியாமல் தடுமாறும். பெட்டிகளுக்கிடையே இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். வாசலுக்கு நேர் எதிரே நடைபாதையோ, மாடு கட்டும் இடமோ, பிள்ளைகள் விளையாடும் முற்றமோ இருக்கலாகாது.

கூட்டத்தைப் பெறுதல்

பழகிய வளர்ப்பாளரிடம் கூட்டத்தை விலைக்கு வாங்குவது எளிது. வாங்கும்போது பெட்டியை மூடிய நிலையில் வாங்கி வராமல், சட்டங்களைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நான்கு சட்டங்களுக்குக் குறையாமல் தேனீக்கள் மூடியிருக்க வேண்டும். அவற்றில் முட்டை, புழு, மூடிய கூட்டுப்புழு மூன்றும் இருக்க வேண்டும். முட்டையைக் காண, வெளிச்சம் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அறைக்குள் விழும்படி சட்டத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். அறையின் அடியில் நடுவாக, நூல் துண்டு போன்ற ஒரு வெள்ளைக் கோடு தெரியும். முட்டையிட்ட முதல் நாளில் அது செங்குத்தாக நிற்கும், மூன்றாம் நாளில் அடியில் படுத்துவிடும். இதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் ராணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. நிற்கும் முட்டை இருந்தால் ஒன்றிரண்டு நாள்களுக்கு முன்வரை ராணி அங்கே இருந்திருக்கிறது என்று பொருள்.

மரப்பொந்திலோ கல்மதிலிலோ இருக்கும் கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றுவது இரண்டாவது வழி. மாலை நேரத்தில், தேங்காய்க் கதம்பையை மூட்டிய புகைக்குழலால் மெல்லப் புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுக்க வேண்டும். புழு உள்ள அடைகளை மட்டும் சட்டத்தின் அளவுக்கு நறுக்கி, மேல்பக்கம் மேலாகவே இருக்குமாறு பொருத்தி, வாழைநாரால் கட்டுங்கள். அடையின் அறைகள் வாய்ப்பக்கம் சற்று உயர்ந்து சாய்ந்திருப்பதால் தலைகீழாகக் கட்டினால் பயன்படாது. சில நாள்களில் தேனீக்கள் அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, நாரைக் கடித்துத் துண்டு துண்டாக வெளியே தள்ளும். தேன் உள்ள அடைகளைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அறுபட்ட அடையிலிருந்து தேன் ஒழுகி எறும்பை அழைத்துவரும். ராணி உள்ளே வந்துவிட்டால் மற்றவை தாமாகவே பின்தொடரும். முதல் சில நாள்களுக்கு வாசலில், ராணி வெளியேற முடியாதபடி ராணித் தடுப்பைப் பொருத்தி, புழுக்களைப் பேணும் வேலை சீரானதும் எடுத்துவிடுங்கள்.

பொறுமை உள்ளவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. உள்ளே தேன்மெழுகு தடவிய பழைய மண்பானையையோ காலிப் பெட்டியையோ கூட்டம் பிரியும் பருவத்தில் மரக்கவட்டில் வைத்தால், இடம் தேடும் கூட்டம் தானே வந்து குடியேறும். மூன்று வழிகளுக்கும் பொதுவான ஓர் அறிவுரை: கூட்டத்தை ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெற்றுக்கொள்ளுங்கள். அது பெருகும் பருவம். தேன் ஆசையில் பங்குனியில் கூட்டம் வாங்குபவர், அதை அறிந்து பழகுவதற்குள் பஞ்ச காலத்தில் நுழைந்துவிடுகிறார்.

ஆனி முதல் புரட்டாசி வரை

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தேனீயின் வருவாய் நின்றுவிடுகிறது. பூ இருந்தாலும் மழையில் அதன் மதுரம் என்னும் இனிப்பு நீர் கழுவிப்போகும். மழை விட்ட இடைவெளியில் பறந்துபோகும் தேனீயில் ஒரு பகுதி அடுத்த மழையில் அகப்பட்டுத் திரும்பாது. ராணி முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும், சேமிப்பு கரையும். மூன்று நாள் அடைமழை, சேமிப்பற்ற ஒரு கூட்டத்தை அழித்துவிடப் போதுமானது.

வாரத்துக்கு ஒருமுறை, மழையற்ற ஒரு நண்பகலில் பெட்டியைத் திறந்து, புழு அறைச் சட்டங்களின் மேல்விளிம்பை மட்டும் பாருங்கள். அங்கே வளைவாக மூடிய தேன்பட்டை இருந்தால் உணவு தேவையில்லை. அது இல்லையென்றால் அன்று மாலையே சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்ற அளவில், கொதித்து இறக்கிய நீரில் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். ஒரு சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காதபடி சில ஈர்க்குச்சித் துண்டுகளை மிதக்கவிட்டு, பெட்டிக்குள் சட்டங்களுக்குப் பக்கத்திலோ மேலேயோ வையுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ சர்க்கரை ஒரு நடுத்தரக் கூட்டத்துக்குப் போதும். எப்போதும் இருட்டும் வேளையில் கொடுங்கள். பகலில் கொடுத்தால் வாசனையை மோப்பம் பிடித்துப் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வரும். கொள்ளை தொடங்கிவிட்டால் மெலிந்த கூட்டம் அன்றே அழிந்துபோகும். ஒரு துளி பாகு பெட்டியின் வெளியே சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நம் பகுதியில் கருப்பட்டி எளிதில் கிடைப்பதால் சிலர் அதைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அதிலுள்ள சர்க்கரை அல்லாத பொருள்கள் தேனீக்குச் செரிக்காமல், பறக்க வழியில்லாத மழைநாளில் கூட்டுக்குள்ளேயே கழிச்சலை உண்டாக்கும். வெள்ளைச் சர்க்கரையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கடைத் தேனைக் கொடுப்பது அதைவிடத் தீங்கானது. எந்தக் கூட்டத்தின் நோய் அதில் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

உணவுக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது இடத்தைச் சுருக்குவது. ஏழு சட்டங்களில் நான்கைத்தான் தேனீக்கள் மூடியிருக்கின்றன என்றால், மற்ற மூன்று அடைகளும் காவலற்றுக் கிடக்கின்றன என்று பொருள். மெழுகு அந்துப்பூச்சி அங்கேதான் முட்டையிடும். அதன் புழு அடைக்குள் நூல் பின்னிக்கொண்டே சுரங்கம் போட்டுச் செல்லும். காலி அடைகளை எடுத்துவிட்டு, தேனீக்கள் மூடியுள்ள சட்டங்களுக்கு அடுத்து ஒரு தடுப்புப் பலகையை வைத்துவிடுங்கள். இடம் சுருங்கினால் வெப்பமும் காக்கப்படும், அந்தும் ஏறாது. அடிப்பலகையில் உதிர்ந்து கிடக்கும் மெழுகுத் தூளைக் கூட்டித் தள்ளுவதும் அதே வேலையின் பகுதி. வாசலை இரண்டு மூன்று தேனீ நுழையும் அளவுக்குக் குறைத்துவிட்டால் கடந்தைக் குளவியையும் பல்லியையும் காவல் தேனீக்களே சமாளிக்கும்.

அடுக்குத் தேனீக்கு இடம்பெயரும் குணம் இயல்பாகவே உண்டு. பசி, எறும்பு, அந்து, வெயில், அடிக்கடி திறந்து தொந்தரவு செய்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நீடித்தால் கூட்டம் முழுவதும் கிளம்பிவிடும். அதற்கு முன்னறிகுறி உண்டு: முட்டை இராது, புழு இராது, கடைசிக் கூட்டுப்புழுக்களும் வெளிவந்து அடை வெறுமையாகும், மகரந்தம் சுமந்துவரும் தேனீயைக் காண முடியாது. இந்த நிலையைக் கண்டால் அன்றே பாகு கொடுத்து, இரண்டாவது பெட்டியிலிருந்து திறந்த புழுக்கள் உள்ள ஓர் அடையைத் தேனீக்களை உதறிவிட்டுக் கொண்டுவந்து வையுங்கள். புழுவை விட்டுவிட்டுக் கூட்டம் எளிதில் கிளம்பாது. இரண்டு பெட்டி வேண்டும் என்று முதலில் சொன்னதற்கு இதுவே முதற்காரணம்.

சாக்புரூட் நோய் பெரும்பாலும் கூட்டம் மெலிந்திருக்கும்போது தலைதூக்குகிறது. நோய்ப்பட்ட புழு, அறை மூடப்படும் தறுவாயில் மல்லாந்து நீண்டு, தலை மட்டும் நிமிர்ந்தபடி இறந்து கிடக்கும். மூடிகளில் ஒழுங்கற்ற ஓட்டைகள் தெரியும். ஓர் ஈர்க்குச்சியால் அந்தப் புழுவை மெல்ல இழுத்தால், நீர் நிறைந்த சிறு பையாக முழுவதும் வெளியே வரும். அதுவே இந்நோயின் உறுதியான அடையாளம். இதற்கு மருந்து இல்லை. அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். அதைத் தொட்ட கையையும் கருவியையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள். ராணியைச் சிறு கூண்டில் அடைத்துப் புழு வளர்ப்பைச் சில நாள்கள் நிறுத்திவைத்து, பாகு தொடர்ந்து கொடுத்தால், தேனீக்கள் இறந்த புழுக்களை அகற்றி அறைகளைச் சுத்தம் செய்ய அவகாசம் கிடைக்கும். அவ்வாறு மீண்டெழும் கூட்டம் உங்களிடம் இருந்தால், பின்னாளில் புதிய ராணியை அதிலிருந்தே எடுங்கள்.

ஐப்பசி முதல் தை வரை

வடகிழக்குப் பருவமழை பெய்தாலும், இடையிடையே வெயில் வரும் இந்த மாதங்களில் தென்னையும் தொட்டாற்சுருங்கியும் களைப்பூக்களும் மகரந்தம் தருகின்றன. பின்னங்கால்களில் மஞ்சள் உருண்டைகளோடு தேனீக்கள் வரிசையாக இறங்குவதைக் கண்டதும், எடுத்து வைத்த அடைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்கத் தொடங்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுக்காமல், தேனீக்கள் மூடியபின் அடுத்ததைக் கொடுங்கள்.

ரப்பர் மரம் மகரந்தத்துக்கு உதவாது என்பதால், வீட்டுத் தோட்டத்தில் என்ன நடுகிறோம் என்பது இந்தப் பருவத்தில்தான் பலன் தரும். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விரிப்பதால் அதுவே முதன்மையானது. முருங்கை, கமுகு, வாழை, கொல்லாமாவு, நாவல், புளி ஆகியவை தத்தம் பருவத்தில் துணை நிற்கும். துளசியை வேலியோரம் விதைத்துவிட்டால் மழை ஓய்ந்த நாள்களில் தேனீக்கு அருகிலேயே மேய்ச்சல் கிடைக்கும்.

கூட்டம் புழு அறையை நிறைத்து, அடைகளின் அடிவிளிம்பில் ராணி அறைகள் தொங்கத் தொடங்கினால், அது பிரியப் போகிறது என்று அறியலாம். நாமாகவே பிரித்துவிடுவது நல்லது. பழைய ராணியைப் பாதிச் சட்டங்களோடு புதுப்பெட்டிக்கு மாற்றி, நல்ல ஒரு ராணி அறையுள்ள சட்டத்தையும் மீதிச் சட்டங்களையும் பழைய இடத்திலேயே விடுங்கள். பறந்து பழகிய தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பும் என்பதால், புதுப்பெட்டியில் இளந்தேனீக்கள் நிறைந்த சட்டங்களை வைப்பது அவசியம். அடுக்குத் தேனீயில் ராணி வெளிவர முட்டையிலிருந்து ஏறத்தாழ 16 நாள்களும், வேலைக்காரத் தேனீ வெளிவர மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். இளம் ராணி வெளிவந்து, கலவிப் பறப்பு முடித்து, அதன் முதல் தலைமுறை மேய்ச்சலுக்குப் போவதற்கு இரண்டு மாதம் பிடிக்கும். மாசியில் தேன் வேண்டுமென்றால் கார்த்திகைக்குள் பிரித்து முடிக்க வேண்டும். தையில் பிரித்த கூட்டம் அந்த ஆண்டு பிள்ளை வளர்க்கும், தேன் சேர்க்காது.

மாசியும் பங்குனியும்

மார்கழியில் ரப்பர் இலையுதிர்ந்து, தையில் செம்பு நிறத்தில் துளிர்க்கும். அந்தத் துளிர் வெளிர்பச்சையாக மாறும் நாள்களில் ஓர் இலைக்கொத்தை ஒடித்துப் பாருங்கள். மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்தில் மிளகளவுகூட இல்லாத சுரப்பிகள் இருக்கும். அவற்றின்மேல் கண்ணாடித் துளியாக மதுரம் நிற்கும். நாவில் வைத்தால் இனிக்கும். நம் மாவட்டத்தின் தேன் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று, இந்த இலைக்காம்பிலிருந்து வருவதே. இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும். ஆகவே துளிர் விரியும்போதே கூட்டம் முழுபலத்தோடு இருக்க வேண்டும்.

துளிர்ப் பருவத்தில் சாம்பல் நோய்க்காக ரப்பர்த் தோட்டங்களில் கந்தகத் தூள் தூவுவது வழக்கம். பக்கத்து விளைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, தூவும் நாளின் முந்திய இரவே வாசலை வலையால் மூடி, பெட்டிக்கு நிழலும் காற்றும் இருக்குமாறு செய்து, மறுநாள் மாலையில் திறந்துவிடுங்கள்.

ஏழு சட்டங்களையும் தேனீக்கள் மூடியதும் தேன் அறையை ஏற்றுங்கள். சென்ற ஆண்டின் தேன் அடைகள் கையிருப்பில் இருந்தால் நேரம் மிச்சம். இல்லாதவர்கள் சட்டத்தின் மேல்கட்டையில் மெழுகுத்தாள் பட்டையை ஒட்டிக் கொடுக்கலாம். சர்க்கரைப் பாகை இதற்குள் முற்றாக நிறுத்தியிருக்க வேண்டும். தேன் அறை ஏறியபின் பாகு ஊற்றினால் அது தேனோடு கலந்து, நீங்கள் விற்பது கலப்படத் தேனாகிவிடும். இதில் எந்தச் சமாதானமும் செல்லாது. இந்த மாதங்களில் வாரம் ஒருமுறை புழு அறையின் அடிவிளிம்புகளைப் பார்த்து ராணி அறைகளைக் கிள்ளிவிடுங்கள். தேன் வரத்தின் நடுவே கூட்டம் பிரிந்தால் அந்த ஆண்டு விளைச்சல் பாதியாகும்.

தேன் அடையில் முக்கால் பங்கு அறைகள் மெழுகால் மூடப்பட்டபின் எடுங்கள். மூடாத தேனில் நீர் அதிகம். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிய தேன் நாளடைவில் நுரைத்துப் புளிக்கும். நம் ஈரக்காற்றில் ரப்பர்த் தேனுக்கு இந்த ஆபத்து அதிகம். மாலையில் லேசாகப் புகை காட்டி, சட்டங்களிலிருந்து தேனீக்களை மென்மையான தூரிகையால் தள்ளிவிட்டு, மூடிய அறைக்குள் கொண்டுசென்று, வெந்நீரில் தோய்த்து ஈரம் துடைத்த கத்தியால் மூடியைச் சீவி, தேனெடுக்கும் கருவியில் மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் புது அடை உடைந்துவிடும். காலியான அடைகளை அன்று இரவே பெட்டிக்குத் திருப்பிக் கொடுத்தால், அடை கட்டும் உழைப்பு மிச்சமாகி, வரத்து நன்றாக இருக்கும்போது பத்து நாளுக்குள் மீண்டும் நிறைத்துவிடும். புழு அறையிலுள்ள தேனை எந்தக் காரணத்தைக் கொண்டும் எடுக்காதீர்கள். அது ஆனி மாதத்துச் சாப்பாடு. பருவமும் கவனிப்பும் ஒத்துவந்தால் ஒரு பெட்டியிலிருந்து ஆண்டுக்கு எட்டு முதல் பத்துக் கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

எடுத்த தேனைத் துணியில் வடித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் மூடிவைத்து, மேலே திரளும் நுரையையும் மெழுகையும் நீக்கியபின் உலர்ந்த கண்ணாடிப் புட்டிகளில் நிரப்புங்கள். பித்தளை, செம்பு, தகரப் பாத்திரங்கள் வேண்டாம். ரப்பர்த் தேன் விரைவில் உறையும். உறைந்ததைக் கண்டு சர்க்கரை கலந்தது என்று வாங்குபவர்கள் ஐயப்படுவதுண்டு. அது தேனின் இயல்பு என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள். புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் இளகிவிடும், அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அது குழந்தையின் உயிருக்கே ஆபத்தான நச்சுநோயை உண்டாக்கக்கூடும் என்பதால் அதையும் எடுத்துச் சொல்வது விற்பவரின் பொறுப்பு. வெளியாருக்கு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் வழித்து உடனே எடுத்துவிடுங்கள்; தாமதிக்குந்தோறும் நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். கொட்டிய இடத்தில் வீங்குவது இயல்பு. உடலெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கைமருத்துவம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அத்தகைய ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் தேனீ வளர்ப்பைத் தவிர்ப்பதே சரி.

நேரில் பார்த்துக் கற்க விரும்புபவர்கள் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகிப் பயிற்சி குறித்து விசாரிக்கலாம். மார்த்தாண்டத்தைச் சுற்றிப் பெட்டி, புகைக்குழல், தேனெடுக்கும் கருவி ஆகியவை எளிதில் கிடைக்கின்றன. கருவியைத் தனியாக வாங்காமல் அண்டை அயலார் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் செலவு பகிர்ந்துவிடும்.

பங்குனி முடிவில் ரப்பர் இலை கரும்பச்சையாக முற்றியதும் கடைசிச் சுற்றுத் தேனைக் கூட்டத்துக்கே விட்டுவிட்டு, காலித் தேன் அறையை இறக்குங்கள். எடுத்த அடைகளைத் தேனீக்கள் நக்கித் துடைக்கும்படி ஓரிரவு பெட்டியின்மேல் வைத்திருந்து, பின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் இடம் இருப்பவர்கள் அதன் உறைபனி அறையில் இரண்டு நாள் வைத்தபின் அடைத்தால் அந்துப்பூச்சியின் முட்டையும் அழிந்துவிடும். சித்திரை, வைகாசியில் கோடைமழைக்கு முன்பாகப் பெட்டியின் மேற்கூரையையும் தாங்கியின் கால்களையும் பழுதுபார்த்து, சிரட்டைகளை மாற்றி, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் வேண்டிய சர்க்கரையை வாங்கி வைத்துவிடுங்கள்.